கண்ணாடிப் பேழைக்குள் ஓர் உளி

புக்கிட் பாஞ்சாங் என்னும் மலாய்த் தொடர் ‘நெடுங்குன்று’ எனப் பொருள்படும். சிங்கப்பூர்த் தீவின் வடமேற்கில், புக்கிட் தீமா மலையை அடுத்து நீண்டு கிடக்கும் குன்றுநிலமே இப்பெயருக்குக் காரணமாயிற்று. இன்று அங்குச் செல்வோர் காண்பன அடுக்குமாடி வீடுகளும், கடைத்தொகுதிகளும், தலைக்குமேல் வளைந்தோடும் இலகு ரயிலும் ஆம். 1980-களில் புதுநகர் எழத் தொடங்குமுன், இவ்வட்டார மண்ணில் காம்பீர்ச் செடியும் மிளகுக் கொடியும், பின்னர் ரப்பர் மரமும், அதன்பின் காய்கறிப் பாத்தியும் பன்றிக் கொட்டிலும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் உரிய கருவி ஒன்று உண்டு. ஓர் ஊரின் வரலாற்றை ஆளுநர்களின் பெயர்களைக் கொண்டு எழுதலாம். போர்களைக் கொண்டும் எழுதலாம். ஆயினும், அவ்வூரில் பெரும்பாலோர் காலை முதல் மாலை வரை கையில் எதைப் பிடித்திருந்தனர் என்னும் வினாவுக்கு, அவ்விரு வகை நூல்களும் விடை கூறுவதில்லை. விடை கூறும் இடம் அருங்காட்சியகமே.

அருங்காட்சியகத்துக்குச் செல்லும் வழியும் புக்கிட் பாஞ்சாங்கிலேயே தொடங்குகிறது. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பட்ட டௌன்டவுன் ரயில்பாதைப் பகுதியின் கோடிநிலையம் இவ்வூர். இங்கே ஏறும் மாணவர், புக்கிட் தீமா நெடுஞ்சாலையை ஒட்டி நிலத்தடியே சென்று, ‘டான் கா கீ’ என்னும் நிலையத்தைக் கடந்து, அடுத்த நிலையமாகிய தாவரவியல் தோட்டத்தில் இறங்கலாம். மேலும் மூன்று நிலையங்கள் சென்றால் லிட்டில் இந்தியா. டான் கா கீ அன்னாசியாலும் ரப்பராலும் பெருஞ்செல்வம் ஈட்டி, அச்செல்வத்தைக் கல்விக்கு வாரி வழங்கிய சீனப் பெருவணிகர். அவர் 1919இல் நிறுவிய பள்ளி அந்நிலையத்தின் அருகே உள்ளது. ரப்பர் விளைந்த ஊர், ரப்பரால் உயர்ந்தவரின் பெயர் தாங்கிய நிலையம், ரப்பரை ஆராய்ந்த தோட்டம், ரப்பர்க் காட்டில் உழைத்தவருடைய மொழி ஒலிக்கும் கடைத்தெரு ஆகிய நான்கும் ஒரே பாதையில் அமைந்துவிட்டன. பாதையை வகுத்த பொறியாளர் இதனை எண்ணியிருக்க மாட்டார். ஆசிரியர் எண்ணலாம்.

தாவரவியல் தோட்டத்தில் 1921இல் கட்டப்பட்ட ஹோல்ட்டம் மண்டபத்தில், 2013 முதல் மரபுடைமை அரும்பொருளகம் ஒன்று இயங்கி வருகிறது. ரப்பரின் வரலாறு அங்கே விளக்கப்படுகிறது. பொதுவாக, ரப்பரைப் பற்றிய காட்சி எவ்விடத்தில் அமைந்தாலும் அதில் சில பொருள்கள் தவறாமல் இடம்பெறும். வெட்டுக்கோடு விழுந்த மரத்தின் படமோ துண்டோ இருக்கும். பால் வடிந்த கோப்பை இருக்கும். வளைந்த நுனியுடைய சிறு கருவி ஒன்று இருக்கும். பொதுவாகப் பெயர்ச்சீட்டில் அது ‘ரப்பர் வெட்டும் கத்தி’ எனக் குறிக்கப்படும். அதனைக் கையாண்ட தமிழர் அதற்கு இட்ட பெயர் வேறு. அவர்கள் அதனை ‘உளி’ என்றனர். இக்கட்டுரை அவ்வுளியைப் பற்றியது.

உளிக்கு முன்னர் இம்மண்ணில் ஆண்ட கருவிகளைச் சுருங்கக் காணுதல் தகும். 1819இல் ராஃபிள்ஸ் இத்தீவில் இறங்கியபோதே காம்பீர்த் தோட்டங்கள் சில இங்கு இருந்தன. காம்பீர் இலையைப் பெரிய இரும்புக் குவாலியில் இட்டுக் காய்ச்சி, வடித்து, இறுக்கிக் கட்டியாக்குவர். வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டிக்கு இனமான பொருள் அது. தோல் பதனிடவும் சாயம் ஏற்றவும் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாயிற்று. சாறு இறக்கிய சக்கை இலை, பக்கத்தில் வளர்ந்த மிளகுக் கொடிக்கு எருவாயிற்று. சீனத் தொழிலாளர் காட்டை அழிக்கப் பாராங் என்னும் வெட்டுக்கத்தியையும், மண்ணைக் கொத்தச் சாங்கோல் என்னும் மண்வெட்டியையும் கொண்டனர். அடுப்புக்கு விறகு வேண்டிச் சுற்றுக்காடு முழுதும் அழிந்தது, மண் சாரம் இழந்தது, தோட்டம் பாழாயிற்று, உழவர் அடுத்த காட்டுக்கோ கடல் கடந்து ஜொகூருக்கோ பெயர்ந்தனர். 1854இல் புக்கிட் தீமாவில் தங்கி வண்டினங்களைத் தேடிய ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்னும் இயற்கை ஆய்வாளர், காம்பீர்த் தோட்டங்களில் உழைப்போருள் சராசரியாக நாளுக்கு ஒருவர் புலிக்கு இரையாவதாக எழுதினார். சாங்கோல் ஏந்திய கைக்குப் புலி அஞ்சவில்லை போலும்.

அழிந்த காட்டில் வந்து நின்றதே ரப்பர் மரம். அதன் பயணக்கதை பாடநூல்களில் உள்ளது. 1876இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலின் டபஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அங்கே முளைத்த நாற்றுகளுள் 22 நாற்றுகள் 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. நட்டவை வளர்ந்தன, ஆனால் தோட்ட முதலாளிகள் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. அக்காலத்து அவர்கள் நம்பியது காப்பியை. 1888இல் தோட்டத்தின் தலைமைப் பொறுப்பேற்ற ஹென்றி நிக்கலஸ் ரிட்லி, காண்போரிடமெல்லாம் ரப்பர் விதையைக் கொடுத்து ‘நடுக, நடுக’ என வற்புறுத்தினார். ‘பித்தர் ரிட்லி’ என்று அவரை நகையாடினர். நகைத்தவர் பலரும் பின்னர் அவ்விதையைத் தேடி வந்தனர். 1896இல் மலாக்காவில் டான் சே யான் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். மோட்டார் வண்டி பெருகியது; 1910இல் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது. ரிட்லி 1956ஆம் ஆண்டில் தம் நூறாவது வயதைக் கடந்து, தாம் பரப்பிய மரத்தின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒருங்கே கண்டு மறைந்தார்.

விதையைக் கொடுத்தது ரிட்லியின் பெருமைகளுள் ஒன்று. அதனினும் பெரிது, வெட்டும் முறையைக் கண்டமை. அமேசான் காட்டில் ரப்பர் எடுத்தோர் சிறு கைக்கோடரியால் மரத்தைக் கொத்தினர். கொத்திய இடத்தில் பால் வடிந்தது. ஆனால் கோடரி பட்டையைத் தாண்டி உட்சென்று, மரத்தை வளர்க்கும் மெல்லிய வளர்படலத்தையும் கிழித்தது. ஆறிய புண் முடிச்சு முடிச்சாகத் திரண்டது. அம்முடிச்சின்மேல் மீண்டும் வெட்டுதல் இயலாது. ரிட்லி 1890-களில் தோட்டத்து மரங்களில் ஆய்ந்து, வேறொரு வழியைக் கண்டார். பட்டையில் சாய்வாக ஒரு கோடு கீறி, அடுத்த முறை புதிய காயம் செய்யாமல், அதே கோட்டின் ஓரத்தை மெல்லிய சீவலாக எடுத்தால் போதும். பால் மீண்டும் வடியும். சில வேளைகளில் முன்னைவிட மிகுதியாகவும் வடியும். வளர்படலம் காக்கப்படுவதால் சீவிய பட்டை சில ஆண்டுகளில் மீண்டும் வளர்ந்துவிடும். மீன்முள்போல இருபுறமும் சாய்கோடுகள் இறங்கும் வடிவம் தொடக்கத்தில் வழங்கியது; பின்னர் மரத்தின் பாதிச் சுற்றளவுக்கு ஒரே சாய்கோடு என்னும் முறை நிலைத்தது.

இம்முறையின் முழுச்சுமையும் கருவியின்மேல் விழுந்தது. சீவல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம் இருத்தல் வேண்டும்; சற்றே மிகலாம், மிகுந்தால் பட்டை வீண். வெட்டின் ஆழம் வளர்படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு அருகே சென்று நிற்றல் வேண்டும். அப்புறம் நின்றால் பால் குறையும். உட்சென்றால் மரம் புண்படும். பால்குழாய்கள் பட்டைக்குள் செங்குத்தாக நில்லாமல் சற்றே வலப்புறம் சாய்ந்து ஏறுவதால், வெட்டுக்கோடு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து இறங்கினால் மிகுதியான குழாய்கள் அறுபடும். வெயில் ஏறுமுன் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருக்கும். ஆகவே இருள் பிரியுமுன்னே வெட்டுதல் வேண்டும். இவ்வளவையும் அளவுகோலின்றி, மங்கிய விளக்கொளியில், மரத்துக்குச் சில நொடிகளுக்கு மேல் செலவிடாமல், ஒரு காலையில் சில நூறு மரங்களுக்குச் செய்து முடித்தல் வேண்டும். கோடரிக்கு வலிமை போதும். இக்கருவிக்கு வேண்டியது விரல்நுனியின் அறிவு. தள்ளிச் சீவும் உளி, இழுத்துச் சீவும் ஜெபோங் கத்தி எனப் பலவகை வடிவங்கள் தோன்றின. எல்லாவற்றிலும் நுனி வளைந்து, சீவலின் கனத்தைத் தானே ஓரளவு கட்டுப்படுத்தும் அமைப்பைக் காணலாம்.

இவ்விடத்தில் தமிழாசிரியர் சற்று நின்று எண்ணுதற்குரிய செய்தி ஒன்று உண்டு. ஒரே காயத்தை நாள்தோறும் மெல்லிய சீவலால் புதுப்பித்துச் சாறு பெறும் நுட்பம் தமிழகத்துக்குப் புதியதன்று. பனையேறும் தொழிலாளர் பாளையின் நுனியைக் காலையும் மாலையும் மயிரிழை அளவு சீவி விடுவர். சீவாது விட்டால் வாய் அடைத்துக்கொள்ளும். மிகுதியாகச் சீவினால் பாளை விரைவில் தீர்ந்துபோகும். அதற்கென வைத்த பாளை அரிவாளின் கூர்மை நாவிதர் கத்திக்கு ஒப்பானது. ரிட்லி இதனைப் பனையிடம் கற்றார் என்று கூறுதல் பொருந்தாது; அவர் தம் ஆய்வாலேயே கண்டார். எனினும், ஒரே உண்மையை அறிவியலார் ஒருபுறமும் பனையேறி மறுபுறமும் அறிந்திருந்தனர் என்பதும், பின்னதற்கு எந்தப் பேழையிலும் பெயர்ச்சீட்டு இல்லை என்பதும் நோக்கத்தக்கன.

ரப்பர் விலை உயர உயரக் கைகள் தேவைப்பட்டன. தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியே தமிழர் மலாயாவுக்குத் திரண்டு வந்தனர். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்டபின் கங்காணி முறையே மேலோங்கியது. 1938இல் இந்திய அரசு அதற்குத் தடை விதித்தது. மலாயாத் தீபகற்பத்தோடு ஒப்பிடின் சிங்கப்பூரின் தோட்டங்கள் சிறியவை. ஆயினும் மண்டாய், செம்பவாங், புக்கிட் தீமா, புக்கிட் பாஞ்சாங் எனத் தீவின் வடக்கும் வடமேற்கும் ஒருகாலத்தில் ரப்பர் நிழலிலேயே கிடந்தன.

வந்தவர்களுள் பெரும்பாலோர் உழவுத்தொழிலை அறிந்த கூலிகள், குடியானவர். அவர்கள் அறிந்த கருவி கலப்பை. அக்கலப்பையின் ஒவ்வோர் உறுப்புக்கும் தமிழில் பெயர் உண்டு. கைபிடிக்கும் மேழி, மண்ணைக் கிழிக்கும் கொழு, எருதின் தோளில் ஏறும் நுகம், இரண்டையும் இணைக்கும் ஏர்க்கால், மாட்டை ஓட்டும் தாற்றுக்கோல், உழுதபின் சமன் செய்யும் பரம்பு எனப் பட்டியல் நீளும். கம்பர் பெயரால் வழங்கும் ஏரெழுபது, ஏரின் உறுப்புகளைத் தனித்தனியே எடுத்துச் சிறப்பித்துப் பாடுகிறது. உலகில் ஒரு வேளாண் கருவி உறுப்புறுப்பாகப் பாடப்பெறுவது எளிதில் காணக்கூடியதன்று. இத்தகைய சொற்செல்வத்தோடு கப்பலேறியவர் இங்கு இறங்கியபோது உழ நிலம் இல்லை. எருது இருந்தது, எருமை இருந்தது. இன்றைய லிட்டில் இந்தியாவின் ஒரு பகுதிக்கு ‘கண்டாங் கெர்பாவ்’, அதாவது எருமைத் தொழுவம் என்றே மலாயில் பெயர். எருமைச் சாலை இன்றும் உள்ளது. ஆனால் அக்கால்நடைகள் வண்டி இழுத்தன, பால் தந்தன, இறைச்சியாயின. ஏர் இழுக்கவில்லை. கலப்பைச் சொற்கள் யாவும் ஒரே தலைமுறையில் வேலையிழந்து நின்றன.

கையில் புதிய கருவி கொடுக்கப்பட்டது. அதற்குத் தமிழில் பெயரில்லை. கொடுத்தவர் ஆங்கிலத்தில் ஒரு பெயர் கூறியிருப்பார். தமிழர் அப்பெயரை ஏற்கவில்லை. கத்தி என்றோ அரிவாள் என்றோ அழைக்கவும் இல்லை. ‘உளி’ என்றனர். உளி என்பது தச்சனுடையது, கல்தச்சனுடையது. வெட்டித் துண்டாக்காமல், வேண்டியதை வைத்து வேண்டாததை மட்டும் எடுக்கும் கருவி அது. பட்டையில் ஒரு மில்லிமீட்டரை எடுத்து மற்றதை விட்டுவைக்கும் கருவிக்கு இதனினும் பொருத்தமான சொல் தமிழில் கிடைத்தற்கரிது. எழுத்தறியாதவர் எனக் கணக்குப் புத்தகத்தில் கைநாட்டுக் கொண்ட மக்களே இக்கலைச்சொல்லை ஆக்கினர். கலைச்சொல்லாக்கக் குழுக்கள் பின்னாளில் கூடிச் செய்த பல சொற்களைவிட இது நீண்டநாள் உழைத்தது.

வினைச்சொல்லில் மட்டும் அவர்கள் அத்துணைத் துல்லியம் காட்டவில்லை எனலாம். செய்தது சீவல், சொன்னது ‘பால் வெட்டு’. வெட்டு என்னும் சொல் அமேசான் கோடரிக்கே தகும். பனையில் சீவுதல் என்றவர் ரப்பரில் வெட்டுதல் என்றது ஏன் என்பது மாணவர் ஆராய்தற்கு நல்ல பொருள்.

உளியைச் சூழ்ந்து ஒரு சொற்குடும்பமே பிறந்தது. ரப்பர் மரம் ‘பால்மரம்’, தோட்டம் ‘பால்மரக்காடு’. பால் வடியும் கோப்பை ‘மங்கு’. மலாயின் ‘மங்கோக்’ என்பதோடு நெருங்கிய சொல். தோளில் இருபுறமும் வாளி தொங்கச் சுமக்கும் கம்பு ‘காண்டா’. சுமத்தலைக் குறிக்கும் மலாய்ச் சொல்லாகிய ‘கண்டார்’ என்பதன் சாயல் அதில் தெரிகிறது. வெட்டுக்கோட்டிலும் மங்கிலும் உறைந்து ஒட்டியது ‘ஒட்டுப்பால்’. கட்டியாக இறுகியது ‘கட்டிப்பால்’. விடியுமுன் ஆள்கணக்கு எடுத்தல் ‘பெரட்டு’. ஆங்கிலத்தின் ‘பரேடு’ அவ்வாறு தமிழுடை உடுத்தது. தோட்டத்துக்கு ‘தீம்பார்’ என்றொரு பெயரும் உண்டு. மரத்தைக் குறிக்கும் ‘டிம்பர்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு அது என்பர். குடியிருப்பு வரிசை ‘லயம்’. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் ஒரு வாளிக்குள் கலந்த இச்சொற்களைத் தூய்மை கருதி ஒதுக்குவோர் உண்டு. அவ்வாறு ஒதுக்கின், மூன்று தலைமுறையின் உழைப்புக்குத் தமிழில் சான்றே இல்லாது போகும்.

பேழைக்குள் அசையாது கிடக்கும் உளியின் ஒருநாள் எப்படிக் கழிந்தது? முந்திய நாள் மாலையே கல்லில் தீட்டப்பட்டது. இருளில் பெரட்டு முடிந்தபின் காட்டுக்குள் சென்றது. முதலில் கோட்டிலிருந்த ஒட்டுப்பாலை உரித்து எடுத்தனர். மங்கைத் துடைத்து வைத்தனர். பிறகு உளி நடந்தது. கடைசி மரத்தை அடைந்தபின், முதல் மரத்துக்குத் திரும்பி வடிந்த பாலைச் சேகரித்தனர். மழை வந்தால் மங்கில் நீர் நிரம்பி அன்றைய உழைப்பு வீணாயிற்று. சேர்த்த பாலில் அமிலம் சேர்த்து உறையவைத்து, இரும்பு உருளைகளுக்கிடையே செலுத்திப் பலகையாக்கிப் புகையறையில் தொங்கவிட்டனர். பெண்கள் ஆண்களுக்கு நிகராக உளி பிடித்தனர். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றனர். இதனைப் பேழையிலுள்ள உளியைக் கொண்டு அறிய முடியாது. கைப்பிடியின் தேய்மானம் ஒன்றே எஞ்சும் சாட்சி.

மரத்தில் காயம் பட்டதா என்று பார்க்க மேற்பார்வையாளர் வந்தனர். வளர்படலம் கிழிந்த புண் கணக்கிடப்பட்டது; வெட்டியவர் அதற்குப் பொறுப்பாளி ஆனார். மரத்துக்குக் காட்டிய இக்கவனத்தை மனிதருக்குக் காட்டினரா என்றால், இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் புதிதாக அழிக்கப்பட்ட காட்டுத் தோட்டங்களில் மலேரியா கொண்டுபோன உயிர்களே விடை கூறும். ரிட்லியின் உளி மரத்தைக் கொல்லாமல் பால் கறக்கக் கற்றுக்கொடுத்தது. கருவியின் வரலாற்றை எழுதுவோர் இத்தொடரோடு நிறுத்திவிடுதல் எளிது, நிறுத்துதல் முறையன்று.

புக்கிட் பாஞ்சாங்குக்குத் தெற்கே, அப்பர் புக்கிட் தீமா சாலையில் நிற்கும் பழைய ஃபோர்டு தொழிற்சாலை இவ்வரலாற்றின் மற்றொரு பக்கம். மோட்டார் வண்டிக்கு டயர் வேண்டும். டயருக்கு ரப்பர் வேண்டும். ஆசியத் தோட்டங்களை நம்பியிருக்க விரும்பாத ஹென்றி ஃபோர்டு, 1928இல் பிரேசிலில் ‘ஃபோர்ட்லாண்டியா’ என்னும் பெருந்தோட்டத்தை அமைத்தார். விக்கம் விதை பொறுக்கிய அதே டபஜோஸ் ஆற்றின் கரை அது. ரப்பரின் பிறந்தகத்தில் அதனைத் தாக்கும் இலைக்கருகல் நோயும் பிறந்திருந்தது. நெருக்கமாக நட்ட மரங்கள் நோயில் வீழ்ந்தன. 1945இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. பிறந்த மண்ணில் தோட்டமாக நில்லாத மரம், கடல் கடந்த மண்ணில் நோயின்றித் தழைத்தது.

அதே நிறுவனம் சிங்கப்பூரில் கட்டிய வண்டி இணைப்புத் தொழிற்சாலை 1941 அக்டோபரில் முடிந்தது. நான்கு மாதத்துக்குள் ஜப்பானியப் படை புக்கிட் பாஞ்சாங்கைக் கடந்து வந்தது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் அத்தொழிற்சாலையில்தான் பெர்சிவல், யமாஷிதாவிடம் சரணடைந்தார். இன்று அது ஆக்கிரமிப்புக் கால வரலாற்றைக் கூறும் காட்சிக்கூடம். ஆக்கிரமிப்பில் ரப்பருக்கு வாங்குவோர் அற்றனர், உளி துருவேறியது. அரிசி இல்லை, மக்கள் சாங்கோல் எடுத்து மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். உளிபிடித்த கைகளில் அங்கே மண்வெட்டியும் கூடையும் திணிக்கப்பட்டன. 1943இல் பாதை முடிந்தது. சென்றவருள் பெருந்தொகையினர் மீளவில்லை.

போருக்குப்பின் இவ்வட்டாரத்தில் சீனக் குடும்பங்களின் காய்கறித் தோட்டங்களும் பன்றி, கோழிப் பண்ணைகளும் பெருகின. அவர்களின் அடையாளக் கருவி, தோள்கம்பின் இருமுனையிலும் தொங்கும் இரட்டை நீர்வாளி. நீண்ட மூக்கும் பூவாயும் கொண்ட அவ்வாளிகளை இருகையாலும் சாய்த்தபடி, பாத்திகளுக்கிடையே ஒரே நடையில் இருபுறமும் நீர் தெளித்துச் செல்வர். தமிழர் காண்டாவில் பால் சுமந்தனர். சீனர் அதே போன்ற கம்பில் நீர் சுமந்தனர். இவ்விரண்டையும் ஒரு பேழையில் அருகருகே வைத்தால், வேற்றினத்தார் எனப் பிரித்து எழுதும் வரலாற்றைவிடத் தெளிவாக அது பேசும். அருகிலேயே 1929 முதல் கோல்ட் ஸ்டோரேஜ் நிறுவனத்தின் மாட்டுப்பண்ணை இயங்கியது. டெய்ரி ஃபார்ம் சாலை அதன் பெயர் தாங்கியது. ஆக இவ்வூர்ப்புறத்தில் மாட்டுப்பாலும் மரப்பாலும் நாள்தோறும் கறக்கப்பட்டன. தமிழர் இரண்டையும் பால் என்றே அழைத்தனர். அப்பண்ணையின் பழைய மாட்டுக்கொட்டகை ஒன்று, 2009 முதல் வாலஸ் பெயரால் இயற்கைக் கல்வி நிலையமாக விளங்குகிறது.

1980-களில் பன்றிப் பண்ணைகள் தீவெங்கும் மூடப்பட்டன, நிலங்கள் எடுக்கப்பட்டன, புதுநகர் எழுந்தது. தமிழ்வழிப் பள்ளிகளும் அதே காலத்தில் மறைந்தன. இறுதியாக நின்ற உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. உளி, மங்கு, காண்டா என்னும் சொற்களைப் பேச்சில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் முதியோராயினர். அவர்தம் பேரப்பிள்ளைகள் தமிழைப் பாடமாகக் கற்கின்றனர். அவர்களின் பாடத்தில் கலப்பை உண்டு, உளி அரிது. பார்த்திராத தஞ்சை வயலின் கருவியை வரையத் தெரிந்த மாணவருக்கு, தம் வீட்டடுக்கு நிற்கும் நிலத்தில் இயங்கிய கருவியின் பெயர் தெரிவதில்லை. இது மாணவர் குற்றமன்று. கலப்பைக்கு இலக்கியம் இருந்தது. உளிக்கு வாய்மொழி மட்டுமே இருந்தது. மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளும் புதினங்களும் பால்மரக்காட்டு வாழ்வை எழுதி அச்சொற்களுள் பலவற்றைக் காத்துள்ளன. சிங்கப்பூர் வகுப்பறையில் அவற்றைப் பொருட்களோடு சேர்த்துக் கற்பித்தல் எளிது. ரயிலில் எட்டு நிலையங்கள்தாம்.

2015இல் கேம்பல் லேனில் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்துக்கும் அதே ரயில் செல்லும். தாவரவியல் தோட்டத்தில் கருவியைக் கண்டவர்களின் பெயரை அறிந்து, லிட்டில் இந்தியாவில் கருவியைப் பிடித்தவர்கள் வந்த வழியை அறிதல் ஒரே பகலில் முடியும். இவ்விரண்டுக்கும் இடையே விடுபட்டவை சொற்கள். அவற்றுக்கு நுழைவுச்சீட்டுத் தேவையில்லை. வீட்டிலிருக்கும் முதியோரிடம் கேட்டால் போதும். ‘மங்கு எதனால் செய்யப்பட்டது? உளியை எதனால் தீட்டினீர்கள்? மழை வந்தால் கூலி உண்டா?’ என மூன்று வினாக்கள் எழுதிக் கொடுத்தால், மாணவர் கொண்டுவரும் விடைகள் எந்தப் பெயர்ச்சீட்டையும்விட நீண்டிருக்கும்.

புக்கிட் பாஞ்சாங்கைச் சுற்றியுள்ள செங்ஹுவா, டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காக்களின் காடுகளில் ரப்பர் மரங்கள் இன்றும் தாமாகவே வளர்ந்து நிற்கின்றன. நட்டவரும் வெட்டுவோரும் இல்லாத மரங்கள். காய் முற்றியதும் வெடித்து, மூன்று விதைகளைத் தொலைவில் எறியும். புள்ளியிட்ட பழுப்பு விதைகளைச் சிறுவர் பொறுக்கி விளையாடுவர். அம்மரங்களுள் முதியது ஒன்றில் பழைய தழும்பு தென்படுமாயின், அதன் சாய்வைப் பார்த்தல் வேண்டும். கோடு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்திருந்தால், அது வண்டோ கிளையோ செய்த காயமன்று; உளி நடந்த தடம்.